கோபால் மொழிக்கு இன்னும் எவ்வளவு காலம்?

கோபால் (COBOL) என்னும் நிரல்மொழி முழு வடிவம் பெறுவதற்கு முன்பே அதற்குக் கல்லறைக் கல் செதுக்கப்பட்டுவிட்டது. 1959-இல் அம்மொழியை வகுக்க அமைக்கப்பட்ட குழுவின் வேலை இழுத்துக்கொண்டே போனதில் பொறுமையிழந்த ஹோவர்டு பிராம்பர்க் என்ற ஆர்சிஏ நிறுவனத்துக் கணினியாளர், அம்மொழியின் பெயர் பொறித்த கல்லறைக் கல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த பென்டகன் அதிகாரி சார்லஸ் பிலிப்ஸுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கல் இன்று கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொழியோ அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலும் இன்றளவும் ஓடிக்கொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு பழைய நிரல்களைப் படித்துப் புதிய மொழிக்கு மாற்றித் தரும் என்ற நம்பிக்கை வலுத்திருக்கும் இந்த ஆண்டுகளில், இம்முறையாவது அந்த ஆரூடம் பலிக்குமா என்ற கேள்வி மறுபடியும் எழுந்திருக்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் மொழியின் குணங்குறைகளிலேயே நின்றுவிடுகிறார்கள். அது நீட்டி முழக்கும் மொழி, பழைய மொழி, கல்லூரிகளில் சொல்லித்தராத மொழி என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு வங்கி 'எங்களிடம் கோபால் இருக்கிறது' என்று சொல்லும்போது அது ஒரு மொழியை மட்டும் குறிப்பிடவில்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக எழுதிச் சேர்ந்த நிரல்கள், அவற்றுக்குள் மட்டுமே பதிவாகியிருக்கும் வணிக விதிகள், அந்த நிரல்கள் ஓடும் மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினி, அதைச் சுற்றியுள்ள கோப்பு முறைகள், இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் மனிதர்கள் என அனைத்தும் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கியிருக்கின்றன. இவற்றுள் மொழியைத்தான் எளிதில் மாற்றிவிடலாம். ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் சில வாரங்களில் கோபால் நிரலைப் படித்துப் புரிந்துகொள்வார். அந்த நிரல் ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்குச் சில ஆண்டுகள் பிடிக்கலாம். கோபாலின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது இந்த இரண்டாவது அறிவுதான் என்பது என் கருத்து.

மொழி பிறந்த சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1950-களின் இறுதியில் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்திருந்தது. இயந்திரத்தை மாற்றினால் நிரல்களையெல்லாம் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. இதனால் அதிகம் செலவழித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் 1959 மே மாதம் பென்டகனில் ஒரு கூட்டம் நடந்தது. கிரேஸ் ஹாப்பர் உருவாக்கியிருந்த ஃப்ளோமேடிக் மொழியை முதன்மையான முன்மாதிரியாகக் கொண்டு, ஜீன் சாமெட் உள்ளிட்டோர் அடங்கிய குழு புதிய மொழியை வகுத்தது. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் ஆர்சிஏ 501, யூனிவாக் 2 என்ற இரு வேறு நிறுவனங்களின் இயந்திரங்களில் ஓடிக்காட்டப்பட்டது. கோபால் வசதி இல்லாத கணினிகளைப் பொதுவாக வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ மாட்டோம் என்று பாதுகாப்புத் துறை அறிவித்ததும், உற்பத்தியாளர்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. மொழி பரவியதற்கு அதன் அழகைவிட அந்தக் கொள்முதல் விதியே பெரிய காரணம்.

கணினி அறிவியலாளர்கள் தொடக்கத்திலிருந்தே இதை மதிக்கவில்லை. டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975-இல், கோபாலைப் பயன்படுத்துவது மனத்தை முடமாக்கும் என்றும், அதைக் கற்பிப்பதைக் குற்றமாகவே கருத வேண்டும் என்றும் எழுதினார். பல்கலைக்கழகங்கள் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், நாளடைவில் அதைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிட்டன. வணிக உலகம் விரிந்துகொண்டே போக, அதை இயக்கும் மொழியைக் கற்பிக்கும் பொறுப்பு நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளின் தலையில் விழுந்தது. இன்று பேசப்படும் ஆள் பற்றாக்குறை அன்றே தொடங்கிவிட்டது.

கோபால் இத்தனை காலம் நின்றதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் அன்று. பணத்தைக் கணக்கிடுவதற்கென்றே அமைந்த சில பண்புகள் அதற்கு உண்டு. பெரும்பாலான நவீன மொழிகளில் தசம எண்ணை இயல்பாக எழுதினால், அது இருமப் பின்னமாகச் சேமிக்கப்படும். பத்தில் ஒன்று என்ற எளிய பின்னத்தைக்கூட இரும முறையில் துல்லியமாக எழுத முடியாது. அதனால் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் பதினேழாவது தசம இடத்தில் ஒரு சின்னஞ்சிறு பிசகு எட்டிப்பார்க்கும். கோபாலில் ஒரு தொகையை அறிவிக்கும்போதே முழு எண் பகுதிக்கு எத்தனை இலக்கம், தசமப் பகுதிக்கு எத்தனை இலக்கம் என்று எழுதிவிட வேண்டும். மெயின்ஃப்ரேமில் அந்தத் தொகை பெரும்பாலும் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கங்கள் வீதம் நெருக்கி அடுக்கப்பட்டு, கடைசி அரைப் பைட்டில் கூட்டலா கழித்தலா என்ற குறி வைக்கப்படும். 123.45 என்ற தொகை 12, 34, 5 என்று மூன்று பைட்டுகளில் அமர, இறுதி அரைப் பைட்டில் கூட்டல் குறிக்கான சி (C) நிற்கும். புள்ளி எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அது எங்கே இருக்கிறது என்பது நிரலுக்குத்தான் தெரியும். இந்த வடிவில் நேரடியாகக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் ஐபிஎம் பெருங்கணினிகளின் சில்லிலேயே கட்டளைகள் உள்ளன.

இதே வேலையை ஜாவா என்ற பிற்கால நிரல்மொழியிலும் செய்யலாம். அதற்கான தசம எண் வகை அங்கே உண்டு. ஆனால் அங்கே அதை ஒவ்வோர் இடத்திலும் நினைவோடு தேர்ந்தெடுக்க வேண்டும். கோபாலில் மறந்துபோனாலும் அதுவே நடக்கும். அதைவிட முக்கியமானது, கோபால் எங்கே எதை உதிர்க்கும் என்பதும் வணிக விதியின் பகுதியாகிவிட்டிருப்பது. 12345 என்ற எண்ணை நான்கு இலக்கப் புலத்துக்குள், அதாவது ஒரு தகவலுக்கென ஒதுக்கிய இடத்துக்குள், நகர்த்தினால், கோபால் இடப்பக்கத்து 1-ஐச் சத்தமில்லாமல் உதிர்த்துவிட்டு 2345-ஐ வைத்துக்கொள்ளும். எச்சரிக்கையும் இராது, நிரலும் நிற்காது. இது பிழையா, அல்லது கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எடுக்க முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ வேண்டுமென்றே செய்த உத்தியா என்று நிரலைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. வட்டியைக் கணக்கிடும் வரியில் அருகிலுள்ள காசுக்கு முழுமையாக்கும்படி தனியாகச் சொல்லாவிட்டால், மிஞ்சும் தசமங்கள் வெட்டப்படும். புதிய மொழியில் அதே வரியை எழுதுபவர் நல்லெண்ணத்தோடு முழுமையாக்கிவிட்டால் ஒரு கணக்கில் ஒரு காசு கூடும். கோடிக்கணக்கான கணக்குகளில் அது தணிக்கையாளர் கேள்வி கேட்கும் தொகையாகிவிடும். நிரலை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளான ஐபிஎம்மின் கம்பைலரிலேயே எண்களுக்கு 18 இலக்கம் வரை அனுமதிக்கும் தேர்வும் 31 இலக்கம் வரை அனுமதிக்கும் தேர்வும் தனித்தனியே உண்டு. எதைத் தேர்ந்தோம் என்பதைப் பொறுத்து இடைநிலை விடைகளின் துல்லியம் மாறலாம். பழைய நிரலை அப்படியே மறுபடி கம்பைல் செய்யும்போதுகூட அனுபவசாலிகள் இந்தத் தேர்வை முதலில் சரிபார்ப்பது இதனால்தான்.

மொழிக்கு வெளியே இருக்கும் பொறிகள் இன்னும் நுட்பமானவை. ஐபிஎம் 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தபோது, சிறிய இயந்திரத்துக்கு எழுதிய நிரல் பெரிய இயந்திரத்திலும் ஓடும் என்று உறுதியளித்தது. அந்த வாக்குறுதியைத்தான் 2025-இல் வெளிவந்த இசட்17 பெருங்கணினி வரை அது காப்பாற்றி வருகிறது. அந்தக் குடும்பத்தில் எழுத்துகளுக்கு வழங்கப்பட்ட எண் வரிசை எப்சிடிக் எனப்படும். உலகின் மற்றக் கணினிகள் பின்பற்றிய ஆஸ்கி வரிசையிலிருந்து அது வேறானது. ஆஸ்கியில் எண்கள் முன்னும் எழுத்துகள் பின்னும் வரும். எப்சிடிக்கில் எழுத்துகள் முன்னே, எண்கள் பின்னே. எண்ணும் எழுத்தும் கலந்த பாலிசி எண்களை வரிசைப்படுத்தி, இரண்டு கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டுச் சேர்க்கும் ஒரு நிரலைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றினால், நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறாமலே விடை மாறிவிடக்கூடும். வரிசையை நம்பி எழுதப்பட்ட தர்க்கம், வரிசை மாறியதை அறியாமல், இருக்கும் பதிவை இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். சோதனைக் கோப்பில் அப்படிப்பட்ட எண்கள் இல்லாவிட்டால் இது வாடிக்கையாளரின் புகாராகத்தான் வெளியே வரும்.

உலகில் எத்தனை கோடி வரிக் கோபால் இருக்கிறது என்ற கணக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2017-இல் ராய்ட்டர்ஸ் செய்தியொன்றில் 22,000 கோடி வரிகள் என்று வந்தது. 2022-இல் கோபால் கம்பைலர்களை விற்றுவந்த மைக்ரோ ஃபோக்கஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் அது 77,500 கோடிக்கும் 85,000 கோடிக்கும் இடைப்பட்டது என்று சொல்லப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் உலகம் மூன்று மடங்குக்கு மேல் கோபாலை எழுதிக் குவித்திருக்க வாய்ப்பில்லை. யாரும் உண்மையில் எண்ணிப் பார்க்கவில்லை என்பதையே இந்த இடைவெளி காட்டுகிறது. வங்கிகள் தங்கள் நிரல் இருப்பை வெளியே சொல்வதில்லை. ஆகவே கட்டுரைக்குக் கட்டுரை மேற்கோள் காட்டப்படும் இந்த எண்களை, 'மிகப் பெரிய அளவு' என்பதற்கு மேல் நம்பத் தேவையில்லை.

கோபால் பொதுமக்களின் கண்ணில் படுவது ஏதாவது கெட்டுப்போகும்போது மட்டுமே. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் அமெரிக்காவில் ஒரே வாரத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்மை உதவிக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த வேளையில், நியூஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று அறிவித்தார். உலகமே அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தது. பிற்பாடு கணினி வரலாற்றாளர் மார் ஹிக்ஸ், திணறியது விண்ணப்பங்களை வாங்கும் இணைய முகப்புதானே தவிர, பின்னால் இருந்த கோபால் அன்று என்று எடுத்துக்காட்டினார். 2025-இல் அமெரிக்க சமூகப் பாதுகாப்புத் துறையின் பதிவேட்டில் 150 வயதானவர்கள் இருக்கிறார்கள் என்ற பரபரப்பு எழுந்தபோதும் இதேதான் நடந்தது. தேதி தெரியாத இடத்தில் கோபால் தானாக 1875 என்று போட்டுக்கொள்ளும் என்ற விளக்கம் தீப்போலப் பரவியது. கோபாலில் அப்படி ஓர் இயல்பான தேதி வகையே கிடையாது. தேதி என்பது நிரலாளர் அறிவிக்கும் இலக்கங்கள்தான். உண்மையான காரணம் மிகச் சாதாரணமானது. 1920-க்கு முன்போ அந்த ஆண்டிலோ பிறந்த 1.89 கோடிப் பேருக்கு அந்தப் பதிவேட்டில் இறப்புத் தகவல் ஏறவில்லை என்றும், அவர்களில் கிட்டத்தட்ட எவருக்கும் பணம் போகவில்லை என்றும் அத்துறையின் தணிக்கைப் பிரிவு 2023-லேயே எழுதியிருந்தது. இறப்பைப் பதிய வேண்டிய மனிதர்களும் அலுவலகங்களும் பதியாமல் விட்டதை எந்த மொழியில் எழுதியிருந்தாலும் கணினி அறிந்திருக்காது.

இதற்காகக் கோபாலைக் குற்றமற்றதாகக் காட்டவும் வேண்டியதில்லை. இரண்டு இலக்கத்தில் ஆண்டைச் சேமித்து, 00 என்பது 1900-ஆ 2000-ஆ என்று கணினிக்குத் தெரியாமல் போகும் 2000-ஆம் ஆண்டுச் சிக்கலை உலகுக்குக் கொடுத்ததில் கோபால் நிரல்களின் பங்கு பெரியது. நினைவகம் விலையுயர்ந்திருந்த காலத்தில் அது நியாயமான சிக்கனம்தான் என்றாலும், அந்தச் சிக்கனத்தைத் திருத்தும் செலவு பின்தலைமுறை மீது விழுந்தது.

மாற்றி எழுதியவர்களின் அனுபவம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்தால்தான் எதிர்காலத்தைக் கணிக்க முடியும். ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி தன் மைய வங்கி மென்பொருளை முழுவதும் மாற்ற ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் சுமார் 100 கோடி ஆஸ்திரேலிய டாலரும் செலவிட்டு வென்றது. வெற்றிக் கதை என்று எப்போதும் முதலில் சொல்லப்படுவது அதுதான். ஆனால் அந்த விலையைக் கேட்டதும் பல வங்கிகளின் இயக்குநர் குழுக்கள் அடுத்த தலைப்புக்குப் போய்விடும்.

மறுபக்கத்தில் அமெரிக்கக் கல்வித் துறையின் அனுபவம் இருக்கிறது. மாணவர்களுக்கான கூட்டாட்சி நிதியுதவி விண்ணப்பங்களைக் கையாண்ட அதன் கணினி அமைப்பு 1973-இல் தொடங்கியது; சுமார் 10 லட்சம் வரிக் கோபால் கொண்டது. அரசின் கணக்காய்வு அலுவலகம் 2019-இல் வெளியிட்ட, உடனே புதுப்பிக்க வேண்டிய அமைப்புகளின் பட்டியலில் அது இடம்பெற்றது. துறையும் புதிதாக எழுதியது. வழக்கமாக அக்டோபரில் திறக்கும் விண்ணப்பம் அந்த முறை 2023 டிசம்பர் 30-இல்தான் திறந்தது. திறந்த பிறகும் பிழைகள் தொடர்ந்தன. அவற்றில் ஒன்று, 2000-ஆம் ஆண்டில் பிறந்த மாணவர்கள் விண்ணப்பத்தை முடிக்க முடியாமல் போனது. இரண்டு இலக்க ஆண்டுக்காக ஏளனம் செய்யப்பட்ட பழைய தலைமுறை மென்பொருளுக்கு மாற்றாக வந்த புதிய அமைப்பு, அதே 2000-இல் தடுக்கி விழுந்தது. முதல் ஐந்து மாதங்களில் உதவி மையத்துக்கு வந்த அழைப்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு எடுக்கப்படாமல் போயின. அதே சமயத்தில் உதவித்தொகைக் கணக்கிடும் சூத்திரத்தையும் சட்டம் மாற்றியிருந்தது என்பதை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழையதை ஒப்பிட்டுச் சரிபார்க்க வழியில்லாதபடி விதியையும் இயந்திரத்தையும் ஒரே நாளில் மாற்றியதே அங்கே நடந்த அடிப்படைத் தவறு என்று நான் கருதுகிறேன்.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. இந்திய வங்கிகள் பெரும்பாலும் 1990-களுக்குப் பின்னரே முழுமையாகக் கணினிமயமானதால், பெருங்கணினி இங்குள்ள வங்கிக் கிளைகளில் வேரூன்றவில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைத் திருத்தும் வேலை கடல்கடந்து வந்தபோது, சென்னை, பெங்களூரு, ஐதராபாத் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான பொறியியல் பட்டதாரிகளுக்குக் கோபாலைக் கற்றுக்கொடுத்தன. திருத்தி முடித்த நிரல்களைப் பராமரிக்கும் வேலையும் அவர்களிடமே தங்கியது. அதற்கு நேர வேறுபாடும் தோதாக அமைந்தது. கோடைக்காலத்தில் நியூயார்க்கில் இரவு பத்து மணிக்கு அன்றைய பரிவர்த்தனைகளைத் தொகுக்கும் பேட்ச் வேலைகள் தொடங்கும்போது, இங்கே காலை ஏழரை. அங்கே விடிவதற்குள் முடிய வேண்டிய வேலையை, இங்கே இருப்பவர்கள் பகல் வெளிச்சத்தில் கண்காணிக்கிறார்கள்.

அவர்களுக்கு நன்கு பழக்கமான விபத்து ஒன்று உண்டு. பேச்சில் அதை 'சாக் செவன்' என்பார்கள். இரவு ஓடிக்கொண்டிருந்த வேலை பாதியில் நின்றுவிடும். திரையில் எஸ்0சி7 என்ற குறியீடு இருக்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணல்லாத ஏதோ ஒன்று வந்து கணக்கிடச் சொன்னார்கள் என்பது அதன் பொருள். பெரும்பாலும் அந்த ஏதோ ஒன்று வெற்றிடமாகவே இருக்கும். எப்சிடிக்கில் வெற்றிடத்தின் குறியீடு 40. அதன் கடைசி அரைப் பைட்டில் கூட்டல் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் 0 இருப்பதைக் கண்டதும் இயந்திரம் மறுத்துவிடும். எந்தப் பதிவு, எந்தப் புலம் என்று பதினாறடிமான எண்களின் பட்டியலில் தேடிக் கண்டுபிடிப்பது பயிற்சியால் வரும். அந்தப் புலத்தை வெற்றிடமாக அனுப்பியது எந்தத் துறை, அவர்கள் ஏன் மாதக் கடைசியில் மட்டும் அப்படி அனுப்புகிறார்கள், அந்தப் பதிவைத் தாண்டிவிட்டு வேலையைத் தொடரலாமா, அல்லது தாண்டினால் வேறொரு கூட்டுத்தொகை பொருந்தாமல் போகுமா என்பவற்றுக்கு எந்தக் கையேட்டிலும் விடையில்லை. அது ஒருவர் மற்றவருக்கு வாய்வழியாகச் சொல்லி வருவது. ப்ராஜெக்ட் கைமாறும்போது 'கேடி' என்ற பெயரில் சில வாரங்கள் நடக்கும் அறிவுப் பரிமாற்றத்தில் அதில் பாதி போய்ச் சேர்ந்தால் பெரிது.

எனவே மூத்தவர்கள் ஓய்வுபெறுகிறார்கள், ஆள் இல்லை என்ற அமெரிக்கப் புலம்பலை முழுமையாக எடுத்துக்கொள்ள முடியாது. கோபால் எழுதத் தெரிந்தவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் புதிதாகவும் உருவாக்கலாம். சிக்கல் என்னவென்றால், இங்கே ஒரு புதுப் பட்டதாரிக்கு மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்ட் ஒதுக்கப்பட்டால், நண்பர்கள் அனுதாபம் சொல்கிறார்கள். இரண்டு ஆண்டு அனுபவத்தோடு வேறு தொழில்நுட்பத்துக்குத் தாவிவிட வேண்டும் என்பதே அவருடைய முதல் இலக்காகிறது. நிறுவனங்களும் ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கின்றனவே தவிர, ஒரு வாடிக்கையாளரின் வட்டி விதிகளை எத்தனை ஆழமாக அறிந்திருக்கிறார் என்பதற்குத் தனி மதிப்பு வைப்பதில்லை. அறிவு மூத்தவரின் ஓய்வால் இழக்கப்படுவது ஒரு முறை. இளையவரின் விலகலால் அது இரண்டாண்டுக்கு ஒரு முறை இழக்கப்படுகிறது. இரண்டாவது இழப்பே பெரியது, பேசப்படாததும்கூட.

செயற்கை நுண்ணறிவு இந்த இடத்தில்தான் நுழைகிறது. ஐபிஎம் 2023-இல் கோபாலை ஜாவாவாக மாற்ற உதவும் கருவியை அறிவித்தது. பெரு மொழி மாதிரிகளை உருவாக்கும் மற்ற நிறுவனங்களும் அதே சந்தையைக் குறிவைக்கின்றன. வரிக்கு வரி மொழிமாற்றும் கருவிகள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. அவை உருவாக்கிய ஜாவாவைப் படிக்க நேர்ந்தவர்கள் அதை 'ஜோபால்' என்று கேலியாக அழைப்பதுண்டு. கோபாலின் புலங்களும் தாவல்களும் அப்படியே இருக்க, மேலே ஜாவாவின் இலக்கணம் மட்டும் போர்த்தப்பட்டிருக்கும். அதைப் பராமரிக்கக் கோபாலும் தெரிய வேண்டும், ஜாவாவும் தெரிய வேண்டும். புதிய கருவிகள் இதைவிட நல்ல நிரலை எழுதுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் மாற்றி எழுதுவது மொத்த வேலையில் சிறு பகுதியே. மாற்றப்பட்டது பழையதைப் போலவே நடக்கிறதா என்று ஆண்டிறுதி, நிதியாண்டு மாற்றம், பிப்ரவரி 29 எல்லாவற்றையும் கடந்து நிரூபிப்பதே பெரும் பகுதி. அதற்கு இரண்டு அமைப்புகளையும் மாதக்கணக்கில் அருகருகே ஓட்டி, ஒவ்வொரு காசையும் ஒப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் இரட்டைச் செலவு. ஒரு வேறுபாடு கண்ணில் பட்டால், பழையது பிழையா புதியது பிழையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் அறிவும் உள்ள ஒருவர் வேண்டும்.

இந்தக் கருவிகளின் உண்மையான பலம் எழுதுவதைவிடப் படிப்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாற்பதாயிரம் வரி நிரலைப் படித்து, இந்தப் புலம் எங்கெல்லாம் மாறுகிறது, இந்த விதி எந்த நிபந்தனையில் நடைமுறைக்கு வருகிறது என்று எளிய மொழியில் சொல்ல முடிந்தால், அது மாதக்கணக்கான உழைப்பை நாள்கணக்காகக் குறைக்கும். ஆனால் இதன் விளைவு இரு பக்கமும் செல்லும். புரிந்துகொள்ளும் செலவு குறைந்தால் மாற்றி எழுதுவது எளிதாகிறது. அதே அளவுக்கு மாற்றாமல் வைத்துக்கொள்வதும் எளிதாகிறது. கோபாலை விட்டு ஓட வங்கிகளைத் தூண்டிய முதன்மையான அச்சம், 'இது நாளை யாருக்கும் புரியாது' என்பதுதான். அந்த அச்சத்தைக் கருவி போக்கிவிட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் தொடாமல் விடுவதற்கான நியாயம் வலுக்கிறது. கோபாலை ஒழிக்கும் என்று விற்கப்படும் கருவி, சில இடங்களிலாவது அதன் ஆயுளை நீட்டும்.

வரும் காலத்தில் எல்லா நிறுவனங்களும் ஒரே பாதையில் போகப்போவதில்லை. சிறிய வங்கிகளும் நகராட்சிகளும் தங்கள் நிரல்களைக் கைவிட்டு, மேகக் கணிமையில் கிடைக்கும் ஆயத்த மென்பொருள்களுக்குத் தொடர்ந்து நகரும். அவற்றுக்குப் பெருங்கணினியின் கட்டணமே பெரும் சுமை. நடுத்தர நிறுவனங்கள் கோபாலைச் சுற்றி இணைய இடைமுகங்களைக் கட்டி, புதிய வசதிகள் அனைத்தையும் வெளியே எழுதி, உள்ளே இருப்பதை மெல்ல மெல்லச் சுருக்கும். கைப்பேசிச் செயலியில் இருப்பைப் பார்க்கும் வாடிக்கையாளர், தன் விரலசைவு ஒரு கோபால் நிரலை எழுப்புகிறது என்று அறியமாட்டார். மிகப் பெரிய வங்கிகளும், வரி, ஓய்வூதியம் போன்றவற்றைக் கையாளும் அரசுகளும் இருப்பதை விடாது. அங்கே ஒரு நாள் நிறுத்தத்தின் இழப்பு, இன்னும் பத்தாண்டு பராமரிப்புச் செலவைவிட அதிகமாக இருக்கும்வரை எந்த அதிகாரியும் தன் பதவிக்காலத்தில் அந்த முடிவை எடுக்க விரும்பமாட்டார். புதிய நிறுவனம் ஒன்று தன் முதல் நிரலைக் கோபாலில் எழுதப்போவதும் இல்லை. 2002-இல் மொழியின் வரையறையில் பொருள்நோக்கு (object-oriented) நிரலாக்க வசதிகளெல்லாம் சேர்க்கப்பட்டன. நடைமுறையில் அவற்றைச் சீண்டியவர்கள் மிகக் குறைவு. 2023-இல் புதிய தர வரையறையும் வந்திருக்கிறது. பயன்படுத்துவோர் பெரும்பாலும் 1985-ஆம் ஆண்டு வரையறையின் எல்லைக்குள்ளேயே நிம்மதியாக இருக்கிறார்கள்.

இந்தப் படத்தைச் சட்டென மாற்றக்கூடிய ஒன்று உண்டென்றால், அது மொழியில் இல்லை, ஐபிஎம்மின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பெரிய கோபால் பயனர்களில் மிகப் பலர் ஒரே நிறுவனத்தின் வன்பொருளையும் கட்டண முறையையும் சார்ந்திருக்கிறார்கள். அந்தத் தொழில் லாபம் தரும்வரை அது தொடரும். புதிய இயந்திரங்கள் ஒவ்வொரு சில ஆண்டுக்கும் வந்துகொண்டிருப்பது இப்போதைக்கு அதற்குச் சான்று. இதற்கு மாற்று வழியைத் தேடுவோருக்கு 2025 ஏப்ரலில் ஒரு வாசல் திறந்தது. உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் கட்டற்ற கம்பைலர் தொகுப்பான ஜிசிசி, தன் 15-ஆம் பதிப்பில் முதன்முறையாகக் கோபாலையும் சேர்த்துக்கொண்டது. க்னூகோபால் என்ற தனிக் கம்பைலர் அதற்கு முன்பே இருந்தாலும், அது கோபாலைச் சி மொழியாக்கிப் பிறகு கம்பைல் செய்யும். இது நேரடியாகச் செய்கிறது. சாதாரண லினக்ஸ் கணினியில் கோபால் நிரலை ஓட்ட இவற்றுக்கு உரிமக் கட்டணம் தேவையில்லை. ஆனால் பெருங்கணினியின் பரிவர்த்தனைகளைக் கையாளும் சிக்ஸ் மென்பொருளோ, பேட்ச் வேலைகளை அடுக்கும் ஜேசிஎல் மொழியோ, எப்சிடிக் வரிசையில் அடுக்கிய கோப்புகளோ அந்தக் கம்பைலரோடு வருவதில்லை. அவற்றுக்கு ஈடானவற்றை விற்கும் நிறுவனங்கள் தனியே இருக்கின்றன, அவற்றின் கட்டணமும் தனி. ஒரு வங்கி அந்த வாசல் வழியாக வெளியேற முடிவெடுத்தால், நிரல்களை மறுபடி கம்பைல் செய்வது அந்தத் திட்டத்தின் முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். எஞ்சிய ஆண்டுகள் கோப்புகளையும் வரிசைகளையும் காசுக்குக் காசு ஒப்பிடுவதில் போகும்.